அமெரிக்காவில் அஞ்சல் விளம்பரத்துக்கு முகவரிப் பட்டியல் வாடகை: செலவுக் கணக்கு, படிப்படியாக

நியூஜெர்சியில் ஒரு லெட்டர்ஷாப்பில் வேலை பார்க்கிறேன். விளம்பரக் கடிதங்களை மடித்து, முகவரி அச்சிட்டு, அஞ்சலகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம். புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள், அதில் நம்மவர்களும் உண்டு, அடுத்தவரிடமிருந்து வாடகைக்கு எடுத்த முகவரிப் பட்டியலோடு வந்து நிற்பார்கள். கையில் ஒரு இன்வாய்ஸ் இருக்கும். "ஆயிரம் பேருக்குத் தொண்ணூறு டாலர்தானே சொன்னார்கள், இது எப்படி 143 ஆச்சு?" என்பதுதான் முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் கீழே இருக்கிறது. ஆனால் படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். தடுமாறுகிறவர்களில் பெரும்பாலோர் நான்காம் படியில் தொடங்கியவர்கள்.

உதாரணமாக ஒரே கடையை எடுத்துக்கொள்கிறேன்: பொடி வகைகளும் காபித் தூளும் தபாலில் அனுப்பி விற்கும் சின்ன நிறுவனம். அதற்கான தொகைகள் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை. உங்கள் தொகைகளை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

1. ஒரு வாடிக்கையாளரால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று முதலில் எழுதுங்கள்

பட்டியலைப் பற்றி யாரிடமும் பேசுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. இந்த எண் கையில் இல்லாவிட்டால் எந்த விலை அதிகம், எந்த விலை மலிவு என்று சொல்ல வழியே இல்லை.

நம் பொடிக் கடையில் முதல் ஆர்டரில் சரக்கு, பெட்டி, கூரியர் எல்லாம் போக 22 டாலர் நிற்கிறது. ஒருமுறை வாங்கியவர் அடுத்த ஒன்றரை வருடத்தில் திரும்பத் திரும்ப வாங்குவதையும் சேர்த்தால் சராசரியாக 85 டாலர். ஆக, ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க 85 டாலர்வரை செலவழித்தால் கையைக் கடிக்காது. கொஞ்சம் இடம் விட்டு 75 என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே நடக்கும் தவறு, 22 டாலரோடு நிறுத்திக்கொள்வது. அப்படிப் பார்த்தால் எந்த வாடகைப் பட்டியலும் கட்டுப்படியாகாது. அதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: கடை தொடங்கி மூன்று மாதம்தான் ஆகியிருக்கும், 'வாழ்நாள் மதிப்பு' என்று 400 டாலரைக் கனவில் எழுதுவார்கள். உங்கள் பழைய ஆர்டர்களில் கண்ணால் பார்த்த எண்ணை மட்டும் எழுதுங்கள்.

2. பட்டியல் தேவையா என்று பாருங்கள்

உங்கள் கடைக்குச் சுற்றுவட்டாரத்து ஆட்கள்தான் வருவார்கள் என்றால், பெயர்களுக்கு வாடகையே கொடுக்க வேண்டாம். அமெரிக்க அஞ்சல்துறையில் 'எவ்ரி டோர் டைரக்ட் மெயில்' என்று ஒரு சேவை இருக்கிறது. தபால்காரரின் தடத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும், அந்தத் தடத்தில் உள்ள எல்லா வீட்டுக்கும் பெயரில்லாமல் போய்ச் சேரும். சில்லறை முறையில் ஒரு ஜிப் கோடுக்கு ஒரு நாளைக்கு 5,000 வரை அனுப்பலாம், பெர்மிட் வேண்டியதில்லை. இட்லிக் கடை, பல் மருத்துவர், பாட்டு வகுப்பு எல்லோருக்கும் இது போதும்.

பட்டியல் வேண்டியது, வாங்கக்கூடியவர்கள் ஊருக்கு நாலு பேராகச் சிதறிக் கிடக்கும்போதுதான். பொடிக் கடை அந்த ரகம்.

3. தரகரைக் கூப்பிடும் முன் மூன்றைத் தயாராக வையுங்கள்

பட்டியலின் சொந்தக்காரருக்கும் நமக்கும் நடுவில் நின்று வாடகையைப் பேசித் தருபவர்தான் தரகர். முதலாவது, அனுப்பப்போகும் கடிதத்தின் மாதிரி. பட்டியலின் சொந்தக்காரர் அதைப் பார்த்துச் சம்மதித்தால்தான் பெயர்கள் வரும். தன் வாடிக்கையாளருக்கு என்ன போகிறது என்பது அவருக்கு முக்கியம். தன் சரக்கையே விற்கும் போட்டியாளர் என்று தெரிந்தால் மறுத்துவிடுவார்.

இரண்டாவது, அஞ்சலில் சேர்க்கும் தேதி. வாடகை என்பது அந்தத் தேதிக்கான ஒருமுறை உரிமை. தேதி தள்ளிப்போனால் திரும்பச் சம்மதம் வாங்கவேண்டி வரும். தேதி கடந்தபின் 'நான் அனுப்பவே இல்லை' என்று சொன்னாலும் முழுத் தொகை கட்டவேண்டியிருக்கும். அச்சகத்திடம் தேதி உறுதியாகும் முன் பட்டியலுக்கு ஆர்டர் போடாதீர்கள் என்று நான் தலைபாடாய் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

மூன்றாவது, உங்கள் சொந்த வாடிக்கையாளர் பட்டியல், சுத்தமான கோப்பாக. எதற்கு என்பது ஏழாம் படியில் தெரியும்.

4. டேட்டா கார்டைப் படியுங்கள்

ஒவ்வொரு வாடகைப் பட்டியலுக்கும் டேட்டா கார்டு என்று ஒரு பக்கம் உண்டு. பெயர்கள் எத்தனை, எங்கிருந்து வந்தவை, அடிப்படை விலை, கூடுதல் வடிகட்டலுக்கு (இன்ன மாநிலம், இத்தனை நாளுக்குள் வாங்கியவர் என்று பெயர்களைப் பிரித்தெடுப்பதற்கு) என்ன விலை, குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும்.

விலைக்குப் பக்கத்தில் 'எம்' என்ற எழுத்து இருக்கும். அது மில்லியன் இல்லை, ரோமன் எண்ணில் ஆயிரம். ஒருவர் 90 டாலருக்குப் பத்து லட்சம் பெயர் என்று நினைத்து மகிழ்ச்சியாக வந்தார். அவர் முகம் வாடியதை நான்தான் பார்க்கவேண்டியிருந்தது.

கார்டில் என் கண் முதலில் போவது விலைக்கு அல்ல, பெயர்கள் எப்படிச் சேர்ந்தன என்ற வரிக்கு. பட்டியல்கள் இரண்டு வகை. ஒன்று, பொதுப் பதிவேடுகள், தொலைபேசிப் புத்தகம், கருத்துக்கேட்புப் படிவம் என்று அங்கங்கே எடுத்துத் தொகுத்தது. இது மலிவு, ஆயிரத்துக்குச் சில பத்து டாலர்தான். மற்றது, தபாலில் எதையோ ஏற்கெனவே வாங்கியவர்கள், சந்தா கட்டியவர்கள், நன்கொடை அனுப்பியவர்கள். இது அதைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. தபாலில் வந்ததைப் பிரித்துப் பணம் அனுப்பும் பழக்கம் உள்ளவர் என்பது அந்தப் பெயரோடு சேர்ந்து வருகிறது. அந்தப் பழக்கத்துக்குத்தான் கூடுதல் விலை.

அடுத்து, கார்டின் தேதி. ஒரு வருடத்துக்கு முன் புதுப்பித்த கார்டு என்றால், அதிலுள்ள எண்ணிக்கையை நம்பாமல் இன்றைய எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். சராசரி ஆர்டர் தொகையையும் பாருங்கள். 15 டாலருக்கு வாங்கிப் பழகியவரிடம் 60 டாலர் பெட்டியை நீட்டினால் கை வராது.

நீங்கள் கோயிலுக்கோ தமிழ்ப் பள்ளிக்கோ நிதி திரட்டுகிறீர்கள் என்றால், கார்டில் நிதி திரட்டுவோருக்கென்று தனி விலை இருக்கிறதா என்று தேடுங்கள். பல கார்டுகளில் அது வணிக விலையைவிடக் குறைவாக இருக்கும். கேட்காதவருக்குச் சொல்லமாட்டார்கள்.

நம்மவர்களுக்காக இங்கே ஒரு வார்த்தை. தொகுத்த பட்டியல்களில் 'இந்தியர்' என்று ஒரு வடிகட்டல் கிடைக்கும். பெரும்பாலும் அது பெயரைப் பார்த்துக் கணினி போடும் முத்திரை. படேல், ரெட்டி, சர்மா எல்லாம் எளிதில் சிக்கிவிடும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் கடைசியில் நிற்கும். அப்பா பெயர் ஜோசப் என்றால் அந்த வடிகட்டலில் ஆள் காணாமல் போய்விடுவார். தமிழர்களை மட்டும் எடுத்துத் தருகிறோம் என்று யாராவது கூடுதல் காசு கேட்டால், ஐம்பது பெயரை மாதிரிக்கு அனுப்பச் சொல்லி, முகவரியை மறைத்தாவது கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

5. விலையை வரிவரியாகக் கூட்டுங்கள்

இந்தப் படிதான் இன்வாய்ஸ் அதிர்ச்சியைத் தடுக்கும். தரகரிடம் 'என்ன விலை' என்று கேட்காதீர்கள். 'என் ஆர்டரை வரிவரியாக எழுதித் தாருங்கள்' என்று கேளுங்கள். நம் பொடிக் கடை, சமையல் பொருட்களைத் தபாலில் வாங்குபவர்களின் பட்டியல் ஒன்றில் 5,000 பெயர் கேட்கிறது:

அடிப்படை விலை, ஆயிரத்துக்கு: 90 டாலர்
கடந்த 90 நாளில் வாங்கியவர்கள் மட்டும்: 15
குறிப்பிட்ட மாநிலங்கள் மட்டும்: 10
உணவுப் பொருள் வாங்கியவர்கள் மட்டும்: 10
கீ கோட் (எந்தப் பட்டியலிலிருந்து வந்த பெயர் என்று காட்டும் குறியீடு): 3
ஆக, ஆயிரத்துக்கு: 128
5,000 பெயருக்கு: 640
கோப்பை அனுப்பித்தர, ஒரே தொகையாக: 75
மொத்தம்: 715 டாலர்

ஆயிரத்துக்கு 143 வந்துவிட்டதா? யாரும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு வடிகட்டலும் அடிப்படை விலையின்மேல் ஏறி உட்காரும், அவ்வளவுதான். கோப்பு அனுப்பும் கட்டணம் ஆர்டர் சிறியதோ பெரியதோ ஒன்றேதான், அதனால் சின்ன ஆர்டரில் அது கனமாகத் தெரியும்.

குறைந்தபட்ச ஆர்டரையும் பாருங்கள். 5,000 என்பது பரவலான அளவு. 2,000 பெயர் போதும் என்றாலும் 5,000க்குத்தான் காசு. வடிகட்டலை இறுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் 1,800 பெயர் மிஞ்சி, 5,000க்குப் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்த வடிகட்டலை விடலாம்? சமீபத்தில் வாங்கியவர் என்பதை விடாதீர்கள். பணத்துக்குப் பலன் தருவதில் முதலிடம் அதற்குத்தான். ஆண் பெண் பிரிப்பு, வயது இவையெல்லாம் பொருளைப் பொறுத்தது. பொடி வாங்க வயது எதற்கு?

தரகருக்கு எவ்வளவு என்று தயங்கவேண்டாம். அவருடைய கமிஷன் பட்டியல்காரரிடமிருந்து, வழக்கமாக வாடகையில் 20 சதவீதம் அளவில் வருகிறது. நேராகப் போனால் அந்த இருபது நமக்குக் குறையும் என்று எண்ணுவது வீண், பெரும்பாலும் குறைக்கமாட்டார்கள்.

6. ஆர்டரில் எழுத்தில் வரவேண்டியவை

வாய்ப்பேச்சு எதுவும் நிற்காது. ஆர்டர் தாளில் எழுதி வாங்கவேண்டியவை நாலைந்து உண்டு.

சோதனைக்கு எடுக்கும் பெயர்கள் 'என்த் நேம்' முறையில் வரவேண்டும் என்று எழுதுங்கள். பட்டியல் முழுவதிலும் சீரான இடைவெளியில், உதாரணமாக இருபதில் ஒருவராக எடுப்பது இது. எழுதாவிட்டால் கோப்பின் தலைப்பகுதி 5,000 வந்துவிடும். அது ஒரே மாநிலமாக இருக்கலாம்.

கீ கோட் கட்டாயம். ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு குறியீடு, முகவரிக்கு மேலே அச்சாகும். ஆயிரத்துக்கு 3 டாலரை மிச்சம்பிடிக்க இதை விட்டவர்களுக்கு, எந்தப் பட்டியல் பலன் தந்தது என்று கடைசிவரை தெரிவதில்லை. பிறகு மொத்தச் செலவும் வீண்.

எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வாங்கியவர் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே முறைக்குத்தான். மீறினால் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பட்டியலிலும் சொந்தக்காரர் சில கண்காணிப்புப் பெயர்களை விதைத்து வைத்திருப்பார். எழுத்துப் பிழையோடு ஒரு பெயர், அவர் வீட்டு முகவரி. கடிதம் இரண்டாவது முறை அங்கே போய் விழுந்தால் இரண்டாவது இன்வாய்ஸ் உங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் கடையில் ஒருவருக்கு அப்படி வந்தது. மிச்சமிருந்த கோப்பைப் பண்டிகைக்கு ஒருமுறை ஓட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறார், பாவம். ஆனால் கடிதம் பார்த்து ஆர்டர் செய்தவர் அன்றிலிருந்து உங்கள் வாடிக்கையாளர், அவருக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பலாம்.

தொகுத்த பட்டியல்களில் ஒரு வருடத்துக்குத் தடையில்லாப் பயன்பாடு என்று ஒரு விலையும் தருவார்கள். ஒரே முகவரிகளுக்கு மூன்று நான்கு முறை அனுப்பும் திட்டம் முன்கூட்டியே இருந்தால் மட்டும் அதை எடுங்கள்.

பெரிய ஆர்டர் என்றால் 'நெட் நேம்' கேளுங்கள், அதாவது இரட்டிப்பு போகப் பயன்படுத்திய பெயர்களுக்கு மட்டும் வாடகை. வாடகைக்கு வந்த பெயர்களில் சில ஏற்கெனவே உங்களிடம் இருக்கும், அவற்றுக்கு ஏன் காசு? 85 சதவீதம் என்பது வழக்கமான ஒப்பந்தம். 50,000 பெயர் எடுத்து 46,000ஐப் பயன்படுத்தினால் 46,000க்கு வாடகை. மீதி 4,000க்கு, கோப்பைக் கணினியில் ஓட்டிப் பெயர்களை எடுத்துத் தந்ததற்கான கூலி மட்டும், ஆயிரத்துக்கு 8 டாலர் என்றால் 32 டாலர். ஆனால் 40,000தான் தேறியது என்றால் 85 சதவீதமாகிய 42,500க்குக் கட்டியே ஆகவேண்டும். அதற்குக் கீழே இறங்காது. வடிகட்டல் கட்டணம் முழு எண்ணிக்கைக்கா, பயன்படுத்தியதற்கா என்பதையும் கேட்டு எழுதுங்கள். 5,000 பெயர் சோதனைக்கு நெட் நேம் தரமாட்டார்கள், கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

7. மெர்ஜ்-பர்ஜ்: எத்தனை பெயர் தேறுகிறது?

வந்த கோப்புகளையும் உங்கள் கோப்பையும் ஒன்றாகப் போட்டு இரட்டிப்பைக் கழிப்பதுதான் மெர்ஜ்-பர்ஜ். நம் 5,000 இப்படிக் கரைகிறது: ஏற்கெனவே நம் வாடிக்கையாளர் 180, ஒரே வீட்டில் இரண்டாவது பெயர் 130, உடன் எடுத்த இன்னொரு பட்டியலிலும் இருந்தவர்கள் 210, போய்ச் சேராத முகவரி 120, விளம்பரம் வேண்டாம் என்றவர்களும் இறந்தவர்களும் 60. மிஞ்சுவது 4,300.

ஆக, ஒரு பெயரின் விலை 14.3 சென்ட் இல்லை, 16.6 சென்ட். நீங்கள் ஒப்பிடவேண்டிய எண் இதுதான்.

முகவரிச் சோதனையை விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். கூடாது. 'மார்க்கெட்டிங் மெயில்' வகையில் சலுகைக் கட்டணத்துக்கு அனுப்ப, குறைந்தது 200 கடிதமோ 50 பவுண்டு எடையோ இருக்கவேண்டும். அதோடு, இடம் மாறியவர்களின் முகவரியை அனுப்பும் தேதிக்கு முந்தைய 95 நாளுக்குள் சரிபார்த்திருக்கவேண்டும் என்பதும் விதி. பட்டியல்காரர் செய்திருப்பார் என்று விடாதீர்கள், அஞ்சல் படிவத்தில் போவது அனுப்புகிற நம் தரப்பின் உறுதிமொழி. இன்னொரு காரணமும் உண்டு. இந்த வகைக் கடிதம் சேராவிட்டால், நீங்கள் தனியாகக் கேட்டு அதற்கான குறிப்பை அச்சிடாதவரை திரும்பி வராது. சத்தமில்லாமல் குப்பைக்குப் போகும். நீங்களோ 'ரெஸ்பான்ஸ் இல்லை' என்று பட்டியலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நம் பெயர்கள் இங்கேயும் குழப்பும். முருகன் செல்வம், செல்வம் முருகன், எம். செல்வம் மூன்றும் ஒரே ஆள், ஒரே வீடு. மென்பொருளுக்கு மூன்று பேர். தமிழ் வாடிக்கையாளர் அதிகம் உள்ள கோப்பு என்றால், பெயரை விட்டு முகவரியை வைத்து வீட்டுக்கு ஒன்று என்று கழிக்கச் சொல்லுங்கள்.

அந்த 210 பேரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு பட்டியலிலும் இருப்பவர் இரண்டு இடத்தில் வாங்கியவர், நல்ல வாடிக்கையாளராக வரக்கூடியவர். இரண்டு பட்டியலுக்கும் வாடகை கொடுத்திருப்பதால் இவர்களுக்கு இரண்டாவது முறை அனுப்புவது இந்தத் தொழிலில் ஏற்றுக்கொண்ட வழக்கம். தரகரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மூன்று நான்கு வாரம் கழித்து அனுப்புங்கள்.

8. ஒரு ஆர்டருக்கு என்ன விழுந்தது?

இப்போது முதல் படியில் எழுதிய 75 டாலரை எடுங்கள்.

அச்சு, மடிப்பு, தபால் மூன்றும் சேர்ந்து கடிதத்துக்கு 51 சென்ட் என்று வைப்போம். 4,300க்கு 2,193 டாலர். பட்டியல் 715, மெர்ஜ்-பர்ஜ் 150. மொத்தம் 3,058. நூற்றுக்கு ஒருவர் வாங்கினால் 43 ஆர்டர். ஒரு ஆர்டருக்கு 71 டாலர். 75க்குள் நிற்கிறது.

மலிவான தொகுத்த பட்டியலில் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கு 50 டாலர் என்றால் 5,000க்கு 250. அதிலும் 4,300 தேறியதாகவே வைத்தால் மொத்தச் செலவு 2,593. வாங்குபவர் இருநூற்றுக்கு ஒருவர் என்றால் 21 ஆர்டர். ஒன்றுக்கு 123 டாலர்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மலிவுப் பட்டியல் அதே 71 டாலருக்கு வரவேண்டும் என்றால் நூற்றுக்கு 0.85 பேர் வாங்கவேண்டும். பட்டியலில் 465 டாலர் மிச்சம்பிடித்ததால் கிடைக்கும் சலுகை, நூற்றுக்கு ஒருவருக்குப் பதில் 0.85 பேர் போதும் என்பது மட்டும்தான். ஏனென்றால் மொத்தச் செலவில் பெரும்பங்கு அச்சும் தபாலும். ஆள் சரியோ தப்போ, அந்த 51 சென்ட் மாறாது.

9. சோதனை முடிவை அளவோடு நம்புங்கள்

43 ஆர்டர் வந்தது என்பதால் இந்தப் பட்டியல் எப்போதும் ஒரு சதவீதம் தரும் என்று பொருளில்லை. இந்த அளவுச் சோதனையில் தற்செயலாகவே 13 ஆர்டர் கூடலாம், குறையலாம். அதாவது உண்மையில் 0.7 சதவீதப் பட்டியலாகவும் இருக்கலாம், 1.3 ஆகவும் இருக்கலாம். 0.7 என்றால் ஒரு ஆர்டர் 100 டாலரைத் தாண்டிவிடும்.

அதனால் அடுத்த ஆர்டர் ஒரேயடியாக ஒரு லட்சம் வேண்டாம். 15,000, 20,000 என்று ஏறுங்கள். நான் பார்த்த பெரிய நஷ்டங்கள் சோதனையில் வந்தவை அல்ல, சோதனை நன்றாக வந்த சந்தோஷத்தில் வந்தவை.

சோதனையில் 90 நாள் வாங்கியவர்களை எடுத்திருந்தால் அடுத்ததிலும் அதே வடிகட்டலைக் கேளுங்கள். அந்த ரகத்தில் பெயர்கள் தீர்ந்துவிட்டன, ஒரு வருடத்துப் பழைய பெயர் தருகிறோம் என்றால், அது வேறு பட்டியல். அதற்குத் திரும்பவும் 5,000ல் தொடங்குங்கள்.

ஆர்டர் தாளில் பழைய ஆர்டர் எண்ணைப் போட்டு, 'அதில் தந்த பெயர்களை நீக்கித் தரவும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால், சோதனையில் எடுத்த பெயர்களுக்கே திரும்ப வாடகை கட்டுவீர்கள். நீக்கித்தர ஒரு சிறு கட்டணம் கேட்கலாம், அதையும் ஐந்தாம் படியின் கணக்கில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.